மூன்று டன் ஃபோர்க்லிஃப்ட் மூன்று டன் தூக்குமா?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், செங்குன்றம் பக்கம் எந்தக் குடோனுக்குப் போனாலும், சரக்கைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியைப் பற்றி இரண்டு பேச்சு காதில் விழும். ஒன்று, "கார் ஓட்டத் தெரிஞ்சா போதும், இதெல்லாம் பத்து நிமிஷத்துல பழகிடும்." இன்னொன்று, "மூணு டன் வண்டிதானே, மூணு டன் தாராளமா தூக்கும்." முதல் பேச்சு ஆளை ஏமாற்றும். இரண்டாவது சில நாள் சரியாகவே இருக்கும். சரியாக இல்லாத அன்று ஆளைக் கொன்றுவிடும்.

ஃபோர்க்லிஃப்ட் பயிற்சி என்றாலே பலரும் ஓட்டுவதைக் கற்றுக்கொடுப்பது என்று நினைக்கிறார்கள். ஓட்டுவது அதில் சுலபமான பாதி. எடை இப்போது எங்கே இருக்கிறது, அடுத்த நொடி எங்கே போகும் என்று ஆபரேட்டர் மனதுக்குள் கணக்குப் போடப் பழக வேண்டும். அதுதான் உண்மையான பயிற்சி. அந்தக் கணக்கு ஒன்றும் பெரிய விஞ்ஞானம் இல்லை. பெருக்கல் வகுத்தல் தெரிந்தால் போதும்.

எது எந்த வண்டி

முதலில் பெயர்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். பேலட் என்பது சரக்கை அடுக்கி வைக்கும் மர அல்லது பிளாஸ்டிக் மேடை. நம் ஊர்க் குடோன்களில் 1200 × 1000 மில்லிமீட்டர் அளவில் நிறையப் பார்க்கலாம். ஃபோர்க்லிஃப்டுக்கு முன்னால் ‘L’ வடிவில் இரண்டு நீளமான இரும்பு ஃபோர்க் இருக்கும். அவற்றை ஏற்றி இறக்கும் செங்குத்துச் சட்டம்தான் மாஸ்ட். பின்னால் ஒரு பெரிய வார்ப்பிரும்புத் திண்டு.

பேலட் ஜாக் என்பது தரையோடு தரையாக பேலட்டுக்கு அடியில் நுழைந்து, நகர்த்தும் அளவுக்கு மட்டும் தூக்கிக்கொடுப்பது. கையால் பம்ப் அடிப்பதை ஹேண்ட் பேலட் டிரக் என்றும், பேட்டரியில் ஓடுவதை பி.ஓ.பி.டி. என்றும் சொல்வார்கள். லோடுமேன்கள் வாயில் எல்லாமே டிராலிதான்.

இடுப்பில் குடம்

நிறைகுடத்தை இடது இடுப்பில் வைத்து நடப்பவரைப் பாருங்கள். உடம்பு தானாக வலது பக்கம் கொஞ்சம் சாயும், வலது கை விரியும். அந்தச் சாய்வு இல்லாவிட்டால் குடம் ஆளையே இழுத்துக்கொண்டு விழும். அதே குடத்தை இடுப்பில் வைக்காமல் கையை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு நடக்கச் சொன்னால் நாலு அடி எடுத்து வைப்பதற்குள் தோள் விட்டுப்போகும். குடத்தின் எடை ஒரு கிராம்கூட ஏறவில்லை. உடம்பிலிருந்து அது இருக்கும் தூரம்தான் ஏறியது.

ஃபோர்க்லிஃப்ட் வேலை செய்வதும் இதே விதத்தில்தான். முன் சக்கரங்கள் தாங்குபுள்ளி. அவற்றுக்கு முன்னால் சரக்கு, பின்னால் அந்த இரும்புத் திண்டு. அதற்கு எதிர் எடை என்று பெயர். 3 டன் தூக்கும் வண்டியின் சொந்த எடையே 4 டன்னுக்கு மேல் வருவது அதனால்தான். கண்ணுக்குச் சின்ன காரைவிடச் சிறியதாகத் தெரியும் இந்த வண்டி, எடையில் அப்படி நாலைந்து காருக்குச் சமம். உங்கள் காலில் ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே போதும்.

எதிர் எடை மாறுவதில்லை. அது தயாரிப்பாளர் பூட்டி அனுப்பியது. மாறுவதெல்லாம் முன்பக்கம்தான்: சரக்கின் எடை, முன் சக்கரத்திலிருந்து சரக்கின் நடுப்பகுதி வரையுள்ள தூரம். இந்த இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வண்டியை முன்னால் கவிழ்க்கப் பார்க்கும் வலு.

அந்த 500 மில்லிமீட்டர்

டாஷ்போர்டு பக்கத்திலோ சீட்டுக்கு அருகிலோ ஓர் உலோகத் தகடு ஒட்டியிருக்கும். கெபாசிட்டி பிளேட் என்பார்கள். பல வண்டிகளில் அது கிரீஸும் தூசியும் படிந்து, எழுத்தே தெரியாமல் கிடக்கும். துடைத்துப் பார்த்தால் 3000 கிலோ என்ற எண்ணுக்குப் பக்கத்தில் இன்னோர் எண் இருக்கும். இந்த அளவு வண்டிகளில் அது பெரும்பாலும் 500 மில்லிமீட்டர். வண்டியின் பக்கவாட்டில் பெரிதாக எழுதியிருக்கும் "3 டன்" எல்லார் கண்ணிலும் படும். இந்த 500 யார் கண்ணிலும் படாது.

இதற்கு லோடு சென்டர் என்று பெயர். ஃபோர்க்கின் செங்குத்துப் பகுதியிலிருந்து சரக்கின் ஈர்ப்பு மையம் வரையுள்ள தூரம் அது. ஈர்ப்பு மையம் என்பது ஒரு பொருளின் மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி. சீராக அடுக்கிய பெட்டிகளுக்கு அது நட்ட நடுவில் இருக்கும். 1000 மில்லிமீட்டர் ஆழமுள்ள பேலட்டை முழுசாக உள்ளே தள்ளித் தூக்கினால் நடுப்புள்ளி 500-இல் விழும். அந்த நிலைமைக்குத்தான் 3 டன்.

சரி, 1.5 மீட்டர் ஆழமுள்ள ஒரு மெஷின் பெட்டி வருகிறது என்று வையுங்கள். நடுப்புள்ளி 750. முன் அச்சிலிருந்து ஃபோர்க்கின் செங்குத்துப் பகுதி வரை ஏறத்தாழ அரை மீட்டர் இருக்கும். கணக்குக்கு 500 என்றே எடுத்துக்கொள்வோம். வண்டி தாங்கும் வலு 3000 × (500 + 500), அதாவது 30 லட்சம். இப்போது தூரம் 500 + 750 = 1250. முப்பது லட்சத்தை 1250-ஆல் வகுத்தால் 2400. மூன்று டன் வண்டி 2.4 டன் வண்டி ஆகிவிட்டது. பெட்டி 2 மீட்டர் ஆழம் என்றால் சரியாக 2 டன்தான்.

பெட்டி பெரிதாக இருந்தால்தான் இப்படி என்றில்லை. அவசரத்தில் பேலட்டை முழுசாக உள்ளே வாங்காமல், ஒரு சாண் இடைவெளி விட்டுத் தூக்குவதை அன்றாடம் பார்க்கலாம். 150 மில்லிமீட்டர் இடைவெளி விட்டாலே தாங்கும் எடை சுமார் 2600 கிலோவுக்கு இறங்கிவிடும். இது புரியவைப்பதற்கான கணக்குதான். வண்டியில் நம்ப வேண்டியது அந்தத் தகட்டை. உயரம் கூடக்கூட எவ்வளவு குறைக்க வேண்டும், டிரம் பிடிக்கும் கிளாம்ப் மாட்டினால் எவ்வளவு குறையும் என்பதையெல்லாம் தயாரிப்பாளர் சோதித்துப் போட்டிருப்பார்.

இந்தக் கணக்கு தெரியாத இடத்தில் என்ன நடக்கும்? லோடைத் தூக்கியதும் பின் சக்கரம் லேசாக எழும்பும். ஸ்டியரிங் காற்றில் சுற்றுவதுபோல இலகுவாகிவிடும். உடனே ஒரு குரல்: "டேய், ரெண்டு பேர் பின்னால ஏறுங்கடா!" இரண்டு பேர் எதிர் எடை மேல் ஏறி உட்காருவார்கள். பின் சக்கரம் தரை தொடும். வண்டி நகரும். எல்லாரும் சிரிப்பார்கள். இதைப் புத்திசாலித்தனம் என்று நினைப்பவர்களை எனக்குத் தெரியும். ஆனால் வண்டி தாங்காது என்று அப்போதே சொல்லிவிட்டது. அந்த எச்சரிக்கையைத்தான் இரண்டு பேர் உட்கார்ந்து அமுக்குகிறார்கள். மாஸ்ட், செயின், முன் டயர் எல்லாம் அளவுக்கு மீறிய சுமையில் இருக்கும். ஒரு பள்ளத்தில் இறங்கினால் பின்பக்கம் எகிறும்; மேலே உட்கார்ந்தவர்களுக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது.

இதுவரை சொன்னதை ஒரு வரியில் வைத்துக்கொள்ளுங்கள்: வண்டியில் எழுதியிருக்கும் டன், ஒரு குறிப்பிட்ட தூரத்துக்கு மட்டுமே பொருந்தும், தூரம் கூடினால் டன் குறையும்.

நாலு சக்கரம், மூன்று புள்ளி

முன்னால் கவிழ்வதைப் பார்த்தாயிற்று. அதிகம் ஆளைக் காவு வாங்குவது பக்கவாட்டில் கவிழ்வது. அதைப் புரிந்துகொள்ள வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டும்.

நாலு சக்கரம் இருந்தாலும் வழக்கமான ஃபோர்க்லிஃப்ட் மூன்று புள்ளிகளில்தான் நிற்கிறது. முன் சக்கரம் இரண்டும் இரண்டு புள்ளி. பின்பக்க அச்சு, வண்டியின் உடலோடு நடுவில் ஒரே ஓர் இரும்பு ஆணியால் இணைக்கப்பட்டிருக்கும். மேடு பள்ளத்தில் நாலு சக்கரமும் தரையைத் தொட வேண்டும் என்பதற்காக அந்த அச்சு இருபுறமும் ஆட விட்டிருக்கிறார்கள். அதனால் மூன்றாவது புள்ளி அந்த ஆணிதான். மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் வரும் முக்கோணத்தை நிலைப்பு முக்கோணம் என்போம். வண்டி, சரக்கு இரண்டுக்கும் சேர்த்து வரும் ஈர்ப்பு மையம் இந்த முக்கோணத்துக்கு மேலேயே இருக்கும்வரை வண்டி நிற்கும். வெளியே போனால் விழும். இடைநிலை என்று ஒன்று இல்லை.

இதிலிருந்து ஒரு விசித்திரம் கிளம்பும். முக்கோணம் முன்னால் அகலம், பின்னால் குறுகல். சரக்கு இல்லாத வண்டியின் ஈர்ப்பு மையம் எதிர் எடையை ஒட்டி, குறுகலான பக்கத்தில் இருக்கும். சரக்கைத் தாழ்வாக வைத்துக்கொண்டு போகும்போது அது முன்னால், அகலமான பக்கத்துக்கு வந்துவிடும். அதாவது, திருப்பத்தில் வேகமாக ஒடித்தால் காலி வண்டி இன்னும் சுலபமாகக் கவிழும். "லோடு இறக்கியாச்சு, இனி பறக்கலாம்" என்று ஆக்சிலரேட்டரை மிதிக்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். அதுவும் வேகம் இரண்டு மடங்கானால் திருப்பத்தில் வெளியே தள்ளும் விசை நாலு மடங்காகும்.

சரக்கை உயர்த்திக்கொண்டு போவது அதைவிட மோசம். ஈர்ப்பு மையம் உயர உயர, சின்னச் சாய்வும் அதை முக்கோணத்தைத் தாண்டித் தள்ளிவிடும். 4 மீட்டர் உயரத்தில் லோடை வைத்துக்கொண்டு மாஸ்டை 6 டிகிரி முன்னால் சாய்த்தால், லோடு ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் முன்னுக்குப் போய்விடும். லீவரில் விரல் அசைந்தது கொஞ்சம்தான். எனவே ஓடும்போது ஃபோர்க் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் இருக்க வேண்டும், மாஸ்ட் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். முன் சாய்வு என்பது ரேக் முன்னால் நின்று, சரக்கை வைக்கும் கணத்துக்கு மட்டும்.

ராம்ப் விதியும் இதிலிருந்தே வருகிறது. லோடு எப்போதும் மேட்டுப் பக்கம் பார்த்திருக்க வேண்டும்: ஏறும்போது முன்னோக்கி, இறங்கும்போது ரிவர்ஸில். காலி வண்டி என்றால் தலைகீழ், ஃபோர்க் பள்ளத்துப் பக்கம். ராம்ப்பின் நடுவில் திருப்பவே கூடாது.

சரி, கவிழவே ஆரம்பித்துவிட்டால்? குதித்துத் தப்பிக்கலாம் என்றுதான் உடம்பு சொல்லும். கேட்காதீர்கள். தலைக்கு மேல் இருக்கும் இரும்புக் கூண்டு, குதித்தவர் எங்கே விழுவாரோ அங்கேயேதான் வந்து விழும். சீட் பெல்ட் போட்டிருக்க வேண்டும், ஸ்டியரிங்கை இறுகப் பிடிக்க வேண்டும், காலை ஊன்றி, வண்டி விழும் திசைக்கு எதிர்ப்பக்கம் சாய வேண்டும். உட்கார்ந்து ஓட்டும் வண்டிக்கான விதி இது. பின்பக்கமாக ஏறி நின்று ஓட்டும் மாடல்களில் பின்னால் காலெடுத்து இறங்கிவிடச் சொல்வார்கள். ஒரு வண்டியில் கற்றது இன்னொன்றுக்குப் பொருந்தாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

கார் ஓட்டிய கை

காரில் முன் சக்கரம் திரும்பும். ஃபோர்க்லிஃப்டில் பின் சக்கரம் திரும்பும். குறுகலான இடைவழியில் வளைவதற்காக இப்படி. இதன் விளைவு: வண்டியை இடப்பக்கம் திருப்பினால் அதன் பின்பகுதி வலப்பக்கம் வீசும். கார் ஓட்டியவர் கண்ணெல்லாம் முன்னாலேயே இருக்கும். பின்பகுதி ரேக்கின் காலில் இடிக்கும், அல்லது பக்கத்தில் நடந்துகொண்டிருப்பவரைச் சுவரோடு சேர்த்து நசுக்கும்.

ரேக்கின் கால் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். லேசாக நசுங்கிய கால் பார்வைக்கு ஒன்றும் ஆகாததுபோல இருக்கும், ஆனால் மேலே பல டன் சரக்கு உட்கார்ந்திருக்கிறது. இடித்தவர் சொல்லாமல் போய்விட்டால் அடுத்த ஷிஃப்டில் வேறு யாரோ தலையில் அது இறங்கலாம். சொல்லாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்ற பயம். அப்படிப் பிடிக்கும் நிர்வாகம், பணம் கொடுத்து இரகசியத்தை வாங்கிக்கொண்டிருக்கிறது என்றுதான் நான் சொல்வேன்.

இன்னும் ஒன்று. ஃபோர்க்கில் ஒரு பேலட்டை வைத்து, அதில் ஆளை ஏற்றி டியூப்லைட் மாட்டுவது. பத்து அடி உயரத்தில் கைப்பிடி இல்லாத பலகை. வேறு விளக்கம் வேண்டாம்.

"அது வெறும் டிராலிதானே"

பேலட் ஜாக்குக்குப் பயிற்சி என்று சொன்னாலே சிரிப்பார்கள். ஹேண்ட் பேலட் டிரக்கின் கைப்பிடியில் ஒரு சின்ன லீவர்: ஒரு நிலையில் பம்ப் ஏற்றும், நடுவில் சும்மா இழுக்கலாம், இன்னொன்றில் இறக்கும். கற்றுக்கொள்ள ஒரு நிமிடம். ஆனால் இது 2.5 டன் வரை தாங்கும், பெரும்பாலான மாடல்களில் பிரேக் கிடையாது. இதை நினைத்தால் சிரிப்பு வராது. நகர ஆரம்பித்த இரண்டு டன்னை மனிதக் கை நிறுத்தாது.

இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தால் வண்டி குதிகாலில் வந்து ஏறும். செருப்புப் போட்ட கால் என்றால் கேட்கவே வேண்டாம். முடிந்த இடத்தில் தள்ளுவது நல்லது. இடுப்புக்கும் அதுவே நல்லது. சாய்வான தரையில் ஆள் எப்போதும் மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும். லோடுக்குக் கீழே நின்று தாங்கிப் பிடிக்கலாம் என்பது வீண் தைரியம்.

புதியவர்களுக்குத் தெரியாத நுணுக்கம் ஒன்று: ஹேண்ட் பேலட்டின் ஃபோர்க் பொதுவாக 1150 மில்லிமீட்டர் நீளம். பேலட்டின் ஆழம் 1000 என்றால், மறுபக்கம் 150 வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கவனிக்காமல் பம்ப் அடித்தால், ஒட்டி நிற்கும் அடுத்த பேலட்டின் ஓரமும் சேர்ந்து எழும்பி, அதன் மேலிருக்கும் அடுக்கு சரியும். உங்கள் பேலட் பத்திரமாக இருக்கும். பக்கத்து பேலட் யார் மேலோ விழும்.

பி.ஓ.பி.டி.யில் கைப்பிடியை விட்டால் அது தானாக நிமிர்ந்து பிரேக் பிடிக்கும். கைப்பிடியின் நுனியில் ஒரு பெரிய பட்டன் உண்டு. பின்னால் வரும்போது அது வயிற்றில் பட்டால் வண்டி உடனே எதிர்த்திசையில் விலகும். சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் ஆள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. ஷிஃப்ட் தொடங்கும்போது முதலில் அழுத்திப் பார்க்க வேண்டிய பட்டன் இது.

சுருக்கமாக: ஃபோர்க்லிஃப்ட் ஆபத்து உயரத்திலும் திருப்பத்திலும், பேலட் ஜாக் ஆபத்து கால் மட்டத்தில், சாய்வில்.

அப்போ பயிற்சி என்றால் என்ன?

பல இடங்களில் நடப்பது இது: பழைய ஆபரேட்டர் சாவியைக் கொடுத்து "பார்த்துப் பழகிக்கோ" என்பார். இல்லாவிட்டால் ஒரு நாள் ஸ்லைடு ஓட்டி, குரூப் போட்டோ எடுத்து, சர்டிஃபிகேட் கையில் கொடுத்துவிடுவார்கள். முதலாவதில் பழைய ஆளின் தப்புகள் அப்படியே புது ஆளுக்கு இறங்கும். இரண்டாவதில் எதுவுமே இறங்காது.

டிரைவிங் லைசென்ஸ் இதற்கு ஈடாகாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, தொழிற்சாலைக்குள் அல்லது மூடிய வளாகத்துக்குள் மட்டும் ஓட்டுவதற்கென அமைந்த தனிவகை வண்டிகளை மோட்டார் வாகனம் என்ற வரையறையிலிருந்தே விலக்கி வைத்திருக்கிறது. ரோட்டில் எடுத்த சோதனை, மாஸ்டைப் பற்றி எதுவும் சொல்லாது. லைசென்ஸ் கேட்டு வேலைக்கு எடுப்பது தப்பில்லை. அதோடு நிறுத்துவதுதான் தப்பு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட லாஜிஸ்டிக்ஸ் செக்டர் ஸ்கில் கவுன்சில் போன்ற அமைப்புகள் வகுத்த பாடத்திட்டங்கள் இங்கேயே உண்டு. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் நம் ஆட்களுக்கு, அங்கே தனியாக ஃபோர்க்லிஃப்ட் பயிற்சி முடித்தால்தான் வண்டியில் ஏற முடியும் என்பது தெரிந்திருக்கும்.

பிரிட்டனில் பயிற்சியை மூன்று கட்டமாகப் பிரிக்கிறார்கள். முதல் கட்டம் அடிப்படை: மேலே பார்த்த கணக்கும், காலி இடத்தில் கூம்புகளை வைத்து ஓட்டிப் பழகுவதும். இரண்டாவது, அந்த வேலையிடத்துக்கே உரிய வண்டி, சரக்கு, ராம்ப், லாரிக்குள் ஏறி இறங்குவது. மூன்றாவது, மேற்பார்வையில் உண்மையான ஷிஃப்டில் வேலை பார்ப்பது. நம் ஊரில் முதல் கட்டத்தின் பாதியோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். மூன்றாவது கட்டம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மைதானத்தில் ஒழுங்காக ஓட்டியவர், மாலை ஆறு மணிக்கு நாலு லாரி வரிசையில் நிற்கும்போது எப்படி ஓட்டுகிறார் என்பதுதானே கேள்வி.

அமெரிக்காவில் ஓஷா என்ற தொழிலிடப் பாதுகாப்பு நிர்வாகத்தின் விதிப்படி, ஒவ்வோர் ஆபரேட்டரின் ஓட்டும் திறனையும் குறைந்தது 3 ஆண்டுக்கு ஒருமுறை மதிப்பிட வேண்டும். விபத்து நடந்தாலோ, நூலிழையில் தப்பினாலோ, தாறுமாறாக ஓட்டுவதைப் பார்த்தாலோ, வேறுவகை வண்டி கொடுத்தாலோ, குடோன் அமைப்பு மாறினாலோ மூன்று ஆண்டு காத்திருக்காமல் மறுபயிற்சி. நூலிழையில் தப்பியதையும் கணக்கில் எடுப்பது கவனிக்கத்தக்கது. நம் இடங்களில் அதை "சாமி காப்பாத்திச்சு" என்று மறந்துவிடுவோம்.

புதிதாகச் சேர்ந்தவரை நீங்கள் மதிப்பிட வேண்டியிருந்தால், வளைவில் லாகவமாகத் திருப்புகிறாரா என்று பார்த்து மயங்காதீர்கள். ஏறுவதற்கு முன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாரா? டயர், செயின், ஆயில் கசிவு, ஹார்ன், பிரேக் பார்த்தாரா? ஃபோர்க்கின் தடிமன் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தால் அதை மாற்றிவிட வேண்டும் என்பது தெரியுமா? லாரிக்குள் ஏறும் முன் அதன் சக்கரத்துக்குக் கட்டை போட்டிருக்கிறதா என்று இறங்கிப் பார்த்தாரா? லோடு பார்வையை மறைத்தபோது எட்டி எட்டிப் பார்த்து ஓட்டினாரா, ரிவர்ஸுக்கு மாறினாரா? எடை தெரியாத பெட்டி ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். "இது எவ்வளவு இருக்கும் சார்?" என்று கேட்பவரை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். கேட்காமல் தூக்குபவருக்கு இன்னும் கொஞ்ச நாள் பயிற்சி தேவை.

கடைசியில் சாவி. நிறுத்தும்போது ஃபோர்க் தரையில், கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, சாவி ஆபரேட்டரின் பாக்கெட்டில். டீ குடிக்கப் போகும்போது சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டால், அந்தப் பத்து நிமிடத்தில் வண்டியை எடுப்பவர் எந்தப் பயிற்சிக்கும் வந்தவராக இருக்கமாட்டார். சாவியை யாரிடமிருந்து யார் வாங்கினார் என்று கையெழுத்துப் போட ஒரு நோட்டு வையுங்கள். நாற்பது ரூபாய் செலவு. ஸ்லைடு ஓட்டும் பயிற்சிக்குக் கொடுக்கும் பணத்தைவிட அதற்குப் பலன் அதிகம்.